பல்லாவரம் கல்லுக்கு ஜோடி வார்த்தோம்: ஒரு எலிவேஷன் வேலையின் குறிப்புகள்

பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கிறவர்களுக்கு வரும் வழக்கமான தலைவலிதான் எங்களுக்கும். கீழ்த்தளம் 1970களில் கட்டியது. முன்சுவரில் ஜன்னல் மட்டம் வரை உளியால் பொளிந்த பல்லாவரம் கருங்கல், அதற்கு மேல் பூச்சு. புதிதாக எழுப்பிய மாடியும் நீட்டிய போர்ட்டிகோவும் வெறும் செங்கல். கடையில் எலிவேஷன் டைல் என்று காட்டியவை எல்லாம் கல்லின் படத்தை அச்சடித்த பீங்கான். நாலு டைலுக்கு ஒருமுறை அதே கீறல், அதே புள்ளி. பழைய சுவரின் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தபோது வீட்டில் யாருமே வாய் திறக்கவில்லை.

அசல் கல்லையே வாங்கிவிடலாமே என்றால், பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குவாரிகளில் கல் வெட்டுவது நின்று நெடுங்காலம் ஆகிறது. இப்போது அவை கல்குட்டைகள். இந்தக் கல்லுக்கு ஊரைத் தாண்டிய பெயரும் உண்டு. கொல்கத்தாவில், அந்த ஊரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் டி. எச். ஹாலண்ட் 1893-ல் இந்த இனக் கல்லுக்கே சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். நீலம் ஓடிய சாம்பல் நிறம், நனைந்தால் ஏறக்குறையக் கறுப்பு.

கட்டியாகக் கிடைக்காத இந்தக் கல் பொடியாகத் தாராளமாகக் கிடைக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து புளூ மெட்டல் என்று லாரியில் வருவதில் கணிசமான பங்கு இதே இனம்தான். உடைக்கிற வேலையை அவர்களே செய்து தருகிறார்கள். திரும்ப ஒட்டவைப்பதுதான் நம் பாடு. கல்தூள், சிப்ஸ், சிமெண்ட் மூன்றையும் வார்த்து, இயற்கைக் கல் போலத் தோன்றவும் அதே இடத்தில் பயன்படவும் செய்வதற்கு பிரிட்டனில் பி.எஸ். 1217 என்று தனித் தரநிர்ணயமே இருக்கிறது. நம்மூரில் சைஸ் கல்லும் பேவர் பிளாக்கும் வார்க்கிற எந்தப் பட்டறைக்கும் இது எட்டாத வேலை இல்லை. தெரிந்த ஒரு பேவர் பிளாக் பட்டறையில் கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் டேபிளை வாடகைக்குப் பேசிக்கொண்டு, சுவரில் மாட்டும் பேனல்களாக வார்க்க எங்கள் மேஸ்திரியோடு இறங்கினேன்.

முதல் பிரச்சினை கல் அல்ல, தண்ணீர். எங்கள் பகுதி தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த பகுதி. போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிர்ணயத்தின்படி கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 2000 வரை விடுகிறார்கள். நம் பேனலில் கம்பி இல்லை என்பதால் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் முகப்பு வேலையில் பலம் மட்டும் கேள்வி இல்லை. தண்ணீரோடு உள்ளே போன உப்பு, சுவர் காயும்போது தண்ணீரோடு வெளியே வந்து முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். வெள்ளைச் சுவரில் அது கண்ணுக்குப் படாது. கறுத்த கல்லில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி தெரியும். அதனால் கலவைக்கும் சரி, நீராற்றுவதற்கும் சரி, லாரித் தண்ணீர்தான். "கியூரிங்குக்குமா லாரித் தண்ணி?" என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார். மாதிரித் துண்டு ஒன்றை போர் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டோம். ஓரம் முழுக்க வெள்ளை கட்டியது. அதற்குப் பிறகு அவரே டேங்கர்காரருக்குப் போன் போட ஆரம்பித்தார்.

அடுத்தது தூள். கிரஷர் டஸ்ட் வேறு, கல்லை நொறுக்கிச் செய்து கழுவிய மணலான எம்-சாண்ட் வேறு. டஸ்ட் மலிவு என்பதால் பட்டறைகளில் அதைத்தான் கொட்டுவார்கள். முகக் கலவையில் அது வேண்டாம். நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. அது கல்லின் பொடியாக இருந்தால் பரவாயில்லை. குவாரியின் மேல்மண் கலந்த களிமண்ணாக இருந்தால் சிமெண்ட் பிடிக்காது. பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், அடியில் படிவது என்ன, மணிக்கணக்கில் கலங்கியே நிற்பது என்ன என்று தெரிந்துவிடும்.

லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1924-ல் கட்டிய என்னிஸ் வீடு ஞாபகத்துக்கு வருகிறது. சுமார் 27,000 கான்கிரீட் பிளாக்குகளை அடுக்கி எழுப்பியது. வீடு அந்த மலையிலேயே முளைத்தது போல இருக்க வேண்டும் என்று, அந்த இடத்திலேயே கிடைத்த மக்கிய கிரானைட்டைக் கலவையில் சேர்த்தார்கள். நிறம் பிரமாதமாக வந்தது. ஆனால் அதோடு அழுக்கும் உள்ளே போனது. பிளாக்குகள் அரித்து உதிர்ந்தன, உள்ளிருந்த கம்பி துருப்பிடித்தது, 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் மிச்சத்தையும் உலுக்கியது. உள்ளூர்க் கல்லைச் சேர்க்கும் யோசனையில் குற்றம் இல்லை. கழுவாமல் சேர்த்தால்தான் வம்பு.

சிமெண்டில் நிறம் ஒரு சூதாட்டம். சாம்பல் நிறக் கல்தானே, எந்தச் சிமெண்டும் போடலாம் என்பது பாதி உண்மை. ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. ஒரு சாயல், உலைக்கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் அதைவிட வெளுப்பு, இவை கலக்காத ஓ.பி.சி. இன்னொன்று. ஒரே பெயருள்ள சிமெண்டே வாரத்துக்கு வாரம் மாறும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். முழு வேலைக்கும் ஒரே வார மூட்டைகளாகப் பார்த்து 53 கிரேடு ஓ.பி.சி. எடுத்து, பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினோம். கறுப்பு ஆக்சைடு சிமெண்டின் எடையில் 2 சதவீதம் மட்டும், கரண்டியால் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போட்டோம். ஆக்சைடைக் கூட்டிக் கறுப்பாக்குவது சுலபம், ஆனால் சாயம் பூசிய மாதிரி தெரியும். நிறம் கல்லிலிருந்து வர வேண்டும், சிமெண்ட் அதற்கு ஒத்து ஊதினால் போதும்.

மாதிரி போடுவதற்கு முன் பழைய சுவரைப் பிரஷ் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பஸ் புகை ஏறிய கல்லுக்கு நிறம் பொருத்தினால், பின்னாளில் அதைக் கழுவும்போது இரண்டும் இரண்டாகிவிடும். மாதிரியை நன்றாகக் காயவிட்டு, நிழலில், பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்த மாதிரியும் பிடிக்காது.

பேனல் அளவு 600 × 450 மி.மீ., கனம் 40 மி.மீ. எடை 26 கிலோ வரும், இரண்டு பேர் சாரத்தில் தூக்கலாம். முகத்துக்கு 15 மி.மீ. கல் கலவை, முதுகுக்கு 25 மி.மீ. சாதாரணக் கான்கிரீட். கம்பி போடலாமா என்று பட்டறையில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. 40 மி.மீ. கனத்தில் நடுவில் கம்பி வைத்தால் இரண்டு பக்கமும் 20 மி.மீ. கூடக் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கிடைக்காது. கடற்காற்று எட்டுகிற ஊரில் அந்தக் கம்பி துருப்பிடித்து உப்பிப் பேனலை உள்ளிருந்தே பிளக்கும். கோழிவலை வைத்தாலும் கதை அதேதான். இவ்வளவு சின்னப் பேனல் தன் எடையையும் காற்றையும் கம்பி இல்லாமலே தாங்கிவிடும். உடைகிறதெல்லாம் தூக்கும்போதும் இறக்கும்போதும்தான். எனவே முதுகுக் கலவையில் மூட்டைக்கு 125 கிராம் பாலிப்ரொப்பிலீன் இழை சேர்த்ததோடு சரி. முகக் கலவையில் இழை வேண்டாம், கொத்திய பிறகு மயிர் முளைத்தது போல நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடி இழை என்று யாராவது சொன்னால், காரத்தைத் தாங்கும் வகையா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரமே தின்றுவிடும்.

அச்சுக்கு ஃபிலிம் ஒட்டிய ஷட்டரிங் பிளைவுட், சுற்றிலும் ஆங்கிள். மோல்டு ஆயிலைத் துணியால் துடைத்தாற்போலத் தடவினால் போதும். எரிந்த ஆயிலை ஊற்றினால் விளிம்பில் கறை நிற்கும். வழவழப்பான முகம் வேண்டுமென்றால் ஆத்தங்குடிக்காரர்கள் வழிதான் நல்ல வழி. கண்ணாடித் தட்டின் மேல் முகத்தைக் கவிழ்த்து வார்ப்பார்கள், கண்ணாடியின் பளபளப்பு அப்படியே டைலில் இறங்கும். எங்களுக்கு வேண்டியது சொரசொரப்பு என்பதால் பிளைவுட்டே போதுமாக இருந்தது. ஆனால் கவிழ்த்து வார்ப்பது என்ற முறையை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

முகக் கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு எம்-சாண்ட், இரண்டு பங்கு 6 மி.மீ.க்கு உட்பட்ட சிப்ஸ். எல்லாம் கழுவியவை. தண்ணீர் மிகக் குறைவு. கையில் பிடித்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் கசியக் கூடாது. இதை அச்சில் பரப்பி, மூலைகளை இரும்புக் கட்டையால் இடித்து, டேபிளில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, உடனே முதுகுக் கலவை. "டீ குடிச்சிட்டு வந்து போடலாம் சார்" என்பதற்கு இங்கே இடமில்லை. முகக் கலவை இறுக ஆரம்பித்துவிட்டால் இரண்டும் ஒட்டாது. பேனல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு வெயில் காலத்தில் முகம் தோலாகக் கழன்றுவரும்.

பேனலைச் சுவரில் பிடிக்கும் பின் (சிறு எஃகுக் குச்சி) நுழையும் துளைகளையும் அச்சிலேயே வைத்துவிட்டோம். அச்சின் நீளப் பக்கத்தில் துளை போட்டு, எண்ணெய் தடவிய 8 மி.மீ. கம்பியை 30 மி.மீ. உள்ளே நீட்டி, கான்கிரீட் இறுகும் சமயத்தில் திருகி உருவிவிட்டோம். முதுகிலிருந்து 18 மி.மீ.யில் துளையின் மையம், அதாவது துளை முழுவதும் முதுகுக் கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கும். வார்த்த பிறகு ஹேமர் டிரில்லில் துளைப்பவர்கள் ஓரத்தை உடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அச்சைப் பிரித்து, பேனல்களை நிமிர்த்தி நிறுத்தி, ஈரச் சாக்கு. ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் என்கிறது விதி. நாங்கள் இரண்டு வாரம் விட்டோம்.

இப்போது கையில் இருப்பது கல் அல்ல, சிமெண்ட் தோல் போர்த்திய சாம்பல் பலகை. உள்ளே இருக்கும் கல்லை வெளியே கொண்டுவர வேண்டும். வழிகள் சில உண்டு. நீர்த்த ஆசிட்டில் கழுவலாம். தோல் கரையும், ஆனால் சரியாக அலசாவிட்டால் குளோரைடு தங்கும். உப்புக்குப் பயந்து லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு ஆசிட் ஊற்றுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று சர்க்கரை. சிமெண்டின் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை போனாலே இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். அச்சின் அடியில் சர்க்கரைப் பாகு தடவிய காகிதத்தை விரித்து வார்த்தால், மறுநாள் முகத் தோல் மட்டும் இறுகாமல் இருக்கும், பிரஷ் போட்டுக் கழுவினால் சிப்ஸ் தெரியும். மேஸ்திரிக்கு இது வேடிக்கையாக இருந்தது. சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் போட்டு உறுதியாக்கியவர்களின் பேரன் அவர். சுண்ணாம்புக்கு நண்பனாக இருக்கும் வெல்லம் சிமெண்டுக்கு எதிரி. மாதிரியில் செய்துபார்த்தோம், அழகாகத்தான் வந்தது. ஆனால் கூழாங்கல் பதித்த தரை மாதிரி உருண்டு தெரிந்ததே ஒழிய, பொளிந்த கல் மாதிரி இல்லை.

பழைய சுவரில் இருந்தது உளியின் தடம். அதற்கு உளிதான் வேண்டும். மெஷினில் மாட்டும் பல்வைத்த சுத்தியல் தலை கிடைக்கிறது, வேலை வேகம், ஆனால் தடம் ஒரே சீராக விழும். தாம்பரம் பக்கத்தில் அம்மி, ஆட்டுக்கல் கொத்தும் பெரியவர் ஒருவரைப் பிடித்தோம். பேனலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லு இல்லையே தம்பி" என்றார். "கல்லுதான் ஐயா, நடுவுல சிமெண்ட் இருக்கு" என்றேன். ஒரு மூலையில் நாலு தட்டு தட்டிப் பார்த்தவர், "இன்னும் பச்சையா இருக்கு, சிப்ஸ் பேந்துக்கிட்டு வருது. காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதுதான் சரி. சிமெண்டின் பிடி சிப்ஸின் பலத்துக்கு ஈடாகும் வரை உளி வைத்தால் சிப்ஸ் உடையாது, முழுசாகக் கழன்றுவிடும். வார்த்து மூன்று வாரம் கழித்துக் கொத்தியபோது சிப்ஸ் குறுக்கே உடைந்தது. உடைந்த முகத்தில்தான் அந்த நீலச் சாயல் இருக்கிறது.

அவர் வேலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டவை சில. விளிம்பிலிருந்து 15 மி.மீ. விட்டுத்தான் கொத்துவார், விளிம்பில் உளி பட்டால் பேனல் பொரிந்துபோகும். அந்த மழமழப்பான ஓரப்பட்டை பழைய கல்லிலும் இருந்தது, இதற்காகத்தான் விட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பேனலை ஈர மணல் படுக்கையில் வைத்துக் கொத்துவார். கீழே கட்டாந்தரை என்றால் அடி திரும்பி முதுகை உடைக்கும். கொத்திய முகம் 2 முதல் 3 மி.மீ. குறையும், நிறம் ஒரு படி வெளுக்கும், ஏனென்றால் அடிபட்ட கல்லில் நுண்ணிய விரிசல்கள் வெள்ளையாகத் தெரியும். அதனால் மாதிரியைக் கொத்திப் பார்த்த பிறகுதான் ஆக்சைடு அளவை முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேனல் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இந்த வேலைக்குக் கொடுத்த கூலியின் பெறுமதி. மொத்தச் செலவில் பெரிய பங்கும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்துக்கொண்டே கொத்தவும், என்-95 மாஸ்க், கண்ணாடி போடவும் பெரியவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் முழுக்க மாஸ்க் தாடையில்தான் இருந்தது.

சுவரில் ஏற்றுவதில் எனக்கும் மேஸ்திரிக்கும் நேரடி மோதல். அவர் வழி, முதுகில் கலவை வைத்து அப்புவது. முப்பது வருடமாக அப்படித்தான் கிரானைட் ஒட்டுகிறார். இரண்டாம் மாடி உயரத்தில் அப்பிய கல் பெயர்ந்து விழுந்த கட்டிடங்களை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்னைக்கு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அழுத்தமாகக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. எங்கள் ஒரு பேனலைக் காற்று 40 கிலோ விசையில் வெளியே இழுக்கலாம், பேனலின் எடையே 26 கிலோதான். மூலைகளில் இழுப்பு இன்னும் அதிகம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்ததை நினைவுபடுத்தியதும் அவர் பாதி இறங்கிவந்தார். மீதி பாதிக்கு வெயில் கணக்கு. ஒரு மீட்டர் கான்கிரீட் 10 டிகிரி சூடேறினால் 0.1 மி.மீ. நீளும். மேற்குப் பார்த்த 6 மீட்டர் சுவரில் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 2.4 மி.மீ. வெளித்தோலான பேனலுக்கும் உள்சுவருக்கும் ஒரே சூடு இல்லை. இறுக ஒட்டியிருந்தால் அந்த அசைவு முழுவதும் கலவையைத்தான் கிழிக்கும்.

ஆகவே டிரை கிளாடிங், அதாவது கலவை வைத்து ஒட்டாமல் பிராக்கெட்டில் மாட்டுவது. சுவரில் பூச்சும் வாட்டர்புரூஃபும் முடித்து, அதிலிருந்து 30 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிராக்கெட். ஒவ்வொரு பேனலுக்கும் கீழே இரண்டு எடை தாங்க, மேலே இரண்டு சாயாமல் பிடிக்க. இரு ஓரத்திலிருந்தும் 150 மி.மீ. உள்ளே தள்ளி 5 மி.மீ. பின். பின்னின் ஒரு முனையை எபாக்ஸியில் பதித்து, மறுமுனைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டோம், பேனல் நீளவும் சுருங்கவும் வழி வேண்டுமே. ஒரு பேனலின் எடை இன்னொன்றின் தலையில் உட்காரக் கூடாது. முடிந்தவரை பிராக்கெட்டை லிண்டலிலும் பீமிலும் பிடித்தோம். செங்கல்லில் விழுந்த இடங்களில் கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையில் பதிக்கும் போல்ட். துளையைப் பிரஷும் பம்ப்பும் வைத்துச் சுத்தம் செய்யாமல் பசையை ஊற்றினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், செங்கல்லை அல்ல.

ஸ்டெயின்லெஸ் என்று கடையில் தருவதெல்லாம் ஒன்றல்ல. காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் என்பது தவறான நம்பிக்கை. 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக்காற்றில் அது துருப்பிடிக்கும். சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை மருந்து பழைய இரும்புக் கடைகளில் வைத்திருப்பார்கள், அதில் பார்த்துத்தான் 304 வாங்கினேன். கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் 316. போல்ட், நட், வாஷர் எல்லாமே அதே கிரேடில் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஒரு ஜி.ஐ. போல்ட் நடுவில் போனாலும் முதலில் துருப்பது அதுதான்.

பேனல்களுக்கு நடுவே 8 மி.மீ. இடைவெளி, பேக்கர் ராட் என்ற நுரைக் கயிறு திணித்து நியூட்ரல் வகை சீலன்ட். வினிகர் வாசனை வரும் சாதாரண சிலிக்கான் சிமெண்டோடு சேராது, சுற்றிலும் எண்ணெய்க் கறையும் விடும். நியூட்ரலிலும் கல்லுக்கென்று வரும் கறை படியாத வகையைக் கேட்டு வாங்குங்கள். அடிவரிசை மூட்டுகளை மட்டும் அடைக்காமல் விட்டோம், உள்ளே புகும் தண்ணீர் அங்கே இறங்கட்டும் என்று. மேலே மூடுகல்லின் அடிப்பக்கத்தில், தண்ணீர் முகத்தில் வழியாமல் சொட்டி விழ ஒரு காடி. ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக நாக்கு வழிந்திருக்கும் கட்டிடங்களில் பெரும்பாலும் இந்தக் காடிதான் இருக்காது.

ஐப்பசி மழையில் மூன்று நாள் நனைந்து காய்ந்த பிறகு கவனித்தேன். பழைய கல்லைவிடப் புதியது கொஞ்சம் மெதுவாகக் காய்கிறது, சிமெண்ட் தண்ணீரைக் குடிக்கும், சார்னக்கைட் குடிக்காது. நனைந்த அன்று இரண்டும் ஒன்று, மறுநாள் காலையில் வித்தியாசம் தெரிகிறது, மதியத்துக்குள் மறுபடி ஒன்றாகிவிடுகிறது. மாடி மூலையில் இரண்டு பேனலில் லேசாக வெள்ளை பூத்தது. உலர்ந்த பிரஷால் தேய்த்ததும் போய்விட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். சிலேன்-சிலாக்ஸேன் வகை நீர்விலக்கி அடிக்கலாம், அது பளபளப்பும் தராது, சுவர் மூச்சு விடுவதையும் அடைக்காது. ஆனால் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் வெளியேறி முடித்த பிறகுதான். பங்குனி வெயில் ஏறட்டும் என்று காத்திருக்கிறேன்.